கைப்பேசியில் நில ஆவணங்களைச் சேமித்து வைக்கும் முறை

விளைந்த நெல்லைக் காக்கக் குதிரும் பத்தாயமும் எவ்வளவு அவசியமோ, நிலத்தின் உரிமையைக் காட்டும் காகிதங்களைக் காக்கப் பெட்டியும் அவ்வளவு அவசியம் என்பதைக் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிவர். ஆனால் முன்னர் இரும்புப் பெட்டியில் இருந்த காகிதங்களில் பல இப்பொழுது கைப்பேசியில் வந்து சேருகின்றன. பட்டா நகல், புலப்பட நகல், வில்லங்க விவரம், பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் விவரம், மண் பரிசோதனை முடிவு ஆகிய இவையெல்லாம் கோப்புகளாக இறக்கப்பட்டு, மேற்படி கருவியின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கின்றன. காகிதப் பெட்டியைப் பேணுவதில் நம் குடும்பங்களுக்கு உள்ள பழக்கம் இப்புதிய பெட்டியைப் பேணுவதில் இன்னும் ஏற்படவில்லை.

இதனால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் ஒரே விதமாக நேருகிறது. கருவியில் இடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. உடையவரோ, வீட்டுப் பிள்ளைகளோ கண்ணில் பட்டவற்றை அழிக்கின்றனர். சில மாதங்கள் கழிந்து காப்பீட்டுக்கோ கடனுக்கோ ஒரு ரசீது தேவைப்படும்போது, அழிந்தவற்றுள் அதுவும் ஒன்று எனத் தெரியவருகிறது. இத்தொல்லையைத் தவிர்க்க விசேஷப் படிப்பு ஏதும் வேண்டுவதில்லை. கோப்பு இருக்கும் இடம் எது, அதை அழித்தால் எங்கெல்லாம் அழியும் என்ற இரண்டையும் தெளிவாக அறிந்துகொண்டால் போதும்.

கோப்பு இருக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, மேகம் என வழங்கப்படும் பொதுக் கிடங்கு. இதை ஆங்கிலச் சொல்லால் கிளவுட் என்றும் கூறுவர். பெயர் மேகமாயினும் இது வானத்தில் இல்லை. தூரதேசத்திலோ, பெருநகரத்திலோ ஒரு கம்பெனி நடத்தும் பெரிய கணினிக் கூடங்களில் நம் கோப்புக்கென ஒதுக்கிய இடமே இது. ஊருக்குப் பொதுவான கிட்டங்கியில் நம் மூட்டைகளை நம் பெயருக்கு வைப்பது போன்றது. கிட்டங்கிக்குச் செல்லப் பாதை வேண்டும். மேகத்திற்குச் செல்ல இணையத் தொடர்பு வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசியின் சொந்தச் சேமிப்பிடம். இது வீட்டுக் குதிர். பதிவிறக்கம் செய்யப்பட்ட கோப்பு பொதுவாக டவுன்லோட்ஸ் என்னும் கோப்புறையில் வந்து விழும். தொடர்பு இல்லாத வேளையிலும் இதைத் திறக்கலாம். ஆயின் கைப்பேசி நீரில் விழுந்தாலும், திருட்டுப் போனாலும் இதுவும் உடன் போய்விடும்.

மூன்றாவது, ஒவ்வொரு செயலியும் தன் உபயோகத்திற்கெனத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இடம். கூகுள் டிரைவ் என்னும் செயலியில் ஒரு கோப்பை ஆப்லைன் என்று குறித்தால், அதன் பிரதி ஒன்று செயலிக்குள் வைக்கப்பட்டு, இணையம் இல்லாதபோதும் திறக்கும். ஆனால் அது டவுன்லோட்ஸ் கோப்புறையில் தென்படாது. அக்கணக்கிலிருந்து வெளியேறினாலோ, செயலியை நீக்கினாலோ அப்பிரதி கருவியில் இராது. ஆகையால் ஆப்லைன் என்று குறிப்பதும் பதிவிறக்கம் செய்வதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸப் மூலம் வரும் கோப்புகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பலர் அதை ஒரு நிரந்தரக் கிடங்கென எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று. அது தபாற்காரரைப் போன்றது. கொண்டுவந்து கொடுத்தபின் தன்னிடம் நெடுநாள் வைத்திருப்பதில்லை. இறக்கிய கோப்பைக் கருவியிலிருந்து அழித்துவிட்டு, பல மாதங்கள் கழித்து அதே செய்தியைத் தொட்டால் பெரும்பாலும் கோப்பு வாராது. அனுப்பியவரிடம் மறுபடியும் கேட்க வேண்டிவரும்.

இடத்தை அடைப்பவை எவை?

64 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். கருவியின் சொந்த ஏற்பாடுகளுக்கே அதில் ஒரு நல்ல பங்கு போய்விடும். மிஞ்சியதில்தான் செயலிகளும் நம் கோப்புகளும் அடங்கவேண்டும். ஒரு ஜி.பி. என்பது ஏறக்குறைய 1,000 எம்.பி. ஆகும். இன்றைய கைப்பேசிகளில் எடுக்கும் ஒரு புகைப்படம் சுமார் 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கும், ஆகவே 250 படங்களுக்கு ஒரு ஜி.பி. செலவாகும் எனக் கொள்ளலாம். சாதாரணத் தெளிவில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி.க்கு மேல் இடம் கொள்ளும். மிகுந்த தெளிவுள்ள வகையில் எடுத்தால் இதைப்போல் மும்மடங்கு ஆவதும் உண்டு.

இவற்றோடு ஒப்பிட்டால் ஆவணங்கள் மிகச் சிறியவை. இணையத்தில் இறக்கும் ஒரு பட்டா நகல் பொதுவாக ஒரு எம்.பி.க்கும் குறைவே. ஒவ்வொன்றும் ஒரு எம்.பி. என்றே வைத்துக்கொண்டாலும், நூறு ஆவணங்கள் சேர்ந்து ஒரு நிமிட வீடியோவின் இடத்தையே அடைக்கும். ஆகவே இடம் போதவில்லை என்பதற்காகப் பட்டாவையோ ரசீதையோ அழிப்பது, பத்தாயத்தில் இடமில்லை என்று விதைநெல்லை வெளியே கொட்டிவிட்டுப் பதரை உள்ளே வைப்பதற்கு ஒப்பாகும். களையெடுக்க வேண்டியது வேறிடத்தில்.

அவ்வேறிடங்களாவன: பலரால் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட வீடியோக்கள், ஒரே கோப்பைப் பல தடவை இறக்கியதால் பெயருக்குப் பின் 1, 2, 3 என்று எண் சேர்ந்து கிடக்கும் இரட்டைப் பிரதிகள், பாதியில் தொடர்பு அறுந்து முழுமை பெறாத கோப்புகள், நெடுநாள் திறக்கப்படாத செயலிகள், செயலிகள் வேகத்திற்காகச் சேர்த்துவைக்கும் கேச் என்னும் தற்காலிகச் சரக்கு ஆகியவை. வாட்ஸப்பின் செட்டிங்ஸ் பகுதியில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பிரிவு ஒன்று உண்டு. 5 எம்.பி.க்கு மேற்பட்டவையும், பலமுறை பகிரப்பட்டவையும் அதில் தனித்தனியே காட்டப்படும். முதலில் அங்கே கைவைப்பதே சிலாக்கியம். படங்களும் வீடியோக்களும் தாமே இறங்குவதை அதே பகுதியில் நிறுத்தியும் வைக்கலாம். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம்.

அழித்தலில் உள்ள பேதங்கள்

பெரும்பாலான நஷ்டங்கள் இங்கேதான் உண்டாகின்றன. ஆகையால் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மேகக் கிடங்கும் கைப்பேசியும் ஒத்திசைவில் இருக்கும்போது, இரண்டும் ஒரே கணக்கின் இரு பேரேடுகள் போல ஆகின்றன. ஒன்றில் கோடிட்டு அடித்தால் மற்றொன்றிலும் அடிபடும். கூகுள் போட்டோஸ் செயலியில் பேக்கப் ஏற்பாடு நடைபெறும்போது ஒரு படத்தைச் சாதாரணமாக அழித்தால், அது கைப்பேசியிலும் போகும், மேகத்திலும் போகும். மேகத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் கைப்பேசியில் அழித்தவர்கள் இரண்டையும் இழப்பது இவ்விதமே.

இடத்தை மட்டும் காலி செய்ய விரும்புவோர்க்கு அதே செயலியில் வேறு வழி உண்டு. ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற கட்டளை, மேகத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்ட படங்களின் பிரதியைக் கைப்பேசியிலிருந்து மட்டும் நீக்கும். மேகத்தில் உள்ளதைத் தொடாது. ஆகவே இடம் வேண்டுவோர் அழிப்பதற்கும் காலி செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தே பொத்தானைத் தொடவேண்டும்.

தவறி அழித்தவற்றிற்கும் ஒரு தவணை உண்டு. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்த படம் அழிக்கப்பட்டபின் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். பேக்கப் ஆகாத படத்திற்கு 30 நாட்களே தவணை. கூகுள் டிரைவில் நீக்கிய கோப்புக்கும் 30 நாட்கள். இத்தவணைக்குள் மீட்டால் மீளும், கடந்தால் மீளாது. ஆகையால் ஒரு கோப்பைக் காணோம் என்று தோன்றிய அன்றே குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

செயலிகளின் செட்டிங்ஸ் பகுதியில் கேச் என்பதை மட்டும் துடைப்பதற்கு ஒரு பொத்தானும், அச்செயலியின் தகவல் முழுவதையும் துடைப்பதற்கு மற்றொரு பொத்தானும் அருகருகே இருக்கும். முதலாவது களத்தைப் பெருக்குவது போன்றது, அதனால் தீங்கில்லை. இரண்டாவது செயலிக்குள் வைத்திருந்த ஆப்லைன் பிரதிகளையும் கணக்கு விவரங்களையும் போக்கிவிடும். பெயர் தெரியாமல் இரண்டாவதைத் தொடலாகாது.

இலவசக் கிடங்கின் அளவு

கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இடம் இலவசமாகக் கிடைக்கிறது. இது டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதிக்கு முன் சற்றுத் தரம் குறைத்துச் சேமித்த படங்கள் இக்கணக்கில் சேராதிருந்தன. அத்தேதி முதல் புதிதாகச் சேமிப்பவை யாவும் சேருகின்றன. ஆப்பிள் கம்பெனியின் ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே.

15 ஜி.பி.யும் நிரம்பிவிட்டால் புதிய படங்கள் மேகத்திற்குச் செல்வது நின்றுவிடும். ஆயினும் கைப்பேசி வழக்கம்போல் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லாம் பத்திரமாக மேலே போகின்றன என்று நம்பியிருப்பவர், பல மாதத்துப் படங்கள் போகவே இல்லை என்பதைக் கருவி கெட்ட பின்னரே அறிய நேரிடும். மாதம் ஒரு முறை கடைசியாகப் பேக்கப் ஆன தேதியைப் பார்த்துக்கொள்வது இதற்கு மருந்து.

மற்றொரு விஷயமும் உண்டு. கைப்பேசி வாங்கிய கடையிலேயே கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை அறியாமலே உபயோகித்து வருவோர் பலர். கருவி மாறும்போது இவர்கள் வேறொரு புதுக் கணக்கைத் திறக்கின்றனர். பழைய கணக்கு கேட்பாரற்றுக் கிடக்கிறது. 2 ஆண்டுகள் உபயோகிக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-ஆம் ஆண்டில் கூகுள் அறிவித்த விதி. தன் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அறியாதவர், சாவி இல்லாத கிட்டங்கியில் நெல் வைத்தவரே ஆவர்.

இறக்குவதில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

இறக்கிய கோப்பு பெரும்பாலும் எண்களும் எழுத்துக்களும் கலந்த ஒரு பெயருடன் வந்து விழும். அதை அன்றே மாற்றிவிட வேண்டும். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, ஆவணத்தின் வகை, இறக்கிய ஆண்டும் மாதமும் என்ற வரிசையில் பெயரிட்டால் பின்னர் தேடுவது எளிது. உட்பிரிவுக்குப் பின்னும், பட்டா மாறுதலுக்குப் பின்னும் பழைய நகல் நடப்பு விவரத்தைக் காட்டாது. கோப்பின் பெயரிலேயே தேதி இருந்தால் எது புதியது என்பதில் குழப்பம் வாராது. நிலம் என்று ஒரு கோப்புறையும், காப்பீடு, கடன், அடையாளச் சான்று என்று மூன்று கோப்புறைகளும் அமைத்துக்கொள்வது ஒரு சாதாரணக் குடும்பத்திற்குப் போதுமானது.

ஆவணத்தை எப்போதும் பி.டி.எப். கோப்பாகவே வைக்க வேண்டும். திரையைப் படம் பிடித்து வைப்பதில் ஓரங்கள் வெட்டுப்படும். உண்மையைச் சோதிக்க உதவும் கியூ.ஆர். கட்டமும் சிதையக்கூடும். பிறருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போதும் படமாக அனுப்பாமல், டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும். அவ்வழியில் போகும் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். படமாகப் போவது சுருக்கப்பட்டே போய்ச் சேரும்.

வெள்ளச் சேதம், பூச்சிச் சேதம் ஆகியவற்றின் படங்களுக்கு இவ்விதி இன்னும் முக்கியம். கைப்பேசி எடுக்கும் மூலப்படத்திற்குள் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். இருப்பிடம் காட்டும் ஏற்பாட்டைக் கேமராவில் திறந்து வைத்திருந்தால் வயல் உள்ள இடமும் பதியும். வாட்ஸப்பில் படமாக அனுப்பிய பிரதியில் இக்குறிப்புகள் நீங்கிவிடும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனிப்பட்ட வயல்களுக்கு நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என விதி இருப்பதால், அவ்வேளையில் இடமில்லை என்று கேமரா மறுப்பது பெரும் நஷ்டமாக முடியும். ஆகவே பருவமழை தொடங்குமுன் கருவியில் சில ஜி.பி. இடத்தைக் காலியாக வைத்துக்கொள்வது, வரப்பை உயர்த்தி வடிகாலைத் திருத்துவதைப் போன்ற முன்னேற்பாடே ஆகும்.

தொடர்பு அறும் நாட்கள்

எல்லாம் மேகத்தில் இருக்கின்றன, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குக் கடற்கரை மாவட்டங்களின் அனுபவம் ஒரு பாடம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியம் பக்கம் கரை கடந்த கஜா புயலுக்குப் பின், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லாமற் போயின. அத்தகைய நாட்களில் மேகத்திலுள்ள கோப்பு, பாலம் உடைந்த ஆற்றின் அக்கரையில் உள்ள கிட்டங்கிக்குச் சமானம்.

கைப்பேசியிலேயே இருக்கிறது, மேகம் எதற்கு என்பவர்களுக்கும் பாடம் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரவருணிப் பெருக்கில் நீர் புகுந்த வீடுகளில் காகிதமும் நனையும், கருவியும் நனையும். அவ்வேளையில் தூரத்திலுள்ள கிடங்கே துணை.

ஆகையால் முக்கியமான ஆவணம் ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் இருப்பது நலம்: கைப்பேசியில் ஒன்று, மேகத்தில் ஒன்று, வேறொரு பொருளில் ஒன்று. அவ்வேறு பொருள் ஒரு பென் டிரைவாகவோ, நம்பிக்கையான மகன் அல்லது மகளின் கருவியாகவோ இருக்கலாம். பென் டிரைவை ஆண்டுக்கு ஒரு முறையேனும் திறந்து கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மெமரி கார்டு உபயோகிப்போர், அதைக் கருவியின் உட்சேமிப்பாக அமைத்தால், அக்கார்டு வேறு கைப்பேசியில் திறக்காது என்பதை அறிந்திருக்க வேண்டும். மூலப் பத்திரங்களைப் பொறுத்தவரை இவையெல்லாம் துணையே. பதிவான மூலக் கிரயப் பத்திரத்தின் இடத்தை எந்தக் கோப்பும் பெறாது.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை உதவி அலுவலர், சங்கச் செயலாளர் முதலானோரின் கைப்பேசிகளில் ஊராரின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் நிறைந்திருப்பது சகஜம். அடங்கலுக்கோ காப்பீட்டுக்கோ வந்த அக்கோப்புகள் வேலை முடிந்தபின்னும் படத்தொகுப்பில் தங்கி, ஒத்திசைவினால் சொந்த மேகக் கணக்கிற்கும் சென்றுவிடுகின்றன. அலுவல் முடிந்ததும் இவற்றை இரு இடங்களிலும், குப்பைத் தொட்டியிலும் நீக்குவது அதிகாரியின் கடமை. ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத காரியங்களுக்கு, கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம் என்று குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் உபகாரம்.

2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரைப் பற்றியும் தெரிவிக்கலாம். அதன் மூலம் உரிய துறையே நேராக வழங்கும் சான்று, 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி மூலச் சான்றுக்கு நிகராகக் கருதப்படும். நாமே படம் பிடித்து அதில் ஏற்றுவது வெறும் நகலே. அதற்கு இம்மதிப்பு இல்லை.

கருவி தொலைந்தால்

தொலைந்த கைப்பேசியைப் பற்றிப் போலீஸில் எழுதிக்கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம். முடக்குவதால் பிறர் அதை உபயோகிப்பது தடைப்படும். கோப்புகள் திரும்பி வாரா. மேகத்திலுள்ளவற்றைப் புதிய கருவியில் பெறக் கடவுச்சொல் வேண்டும். சில வேளை பழைய எண்ணுக்கு வரும் இரகசிய எண்ணும் வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்துள்ள கணக்குகளுக்கு, அவசரத்திற்கென 10 மாற்று எண்களைக் கூகுள் முன்கூட்டியே தருகிறது. அவற்றைத் தாளில் எழுதி, பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே பூட்டி வைக்க வேண்டும்.

மாதந்தோறும் செய்யத்தக்கவை

1. சேமிப்பிடத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக உள்ளதா என்று பார்த்தல்.

2. வாட்ஸப்பின் பெரிய வீடியோக்களையும், டவுன்லோட்ஸ் கோப்புறையின் இரட்டைப் பிரதிகளையும் முதலில் நீக்குதல்.

3. அம்மாதம் இறக்கிய ஆவணங்களுக்குப் பெயரிட்டு உரிய கோப்புறையில் சேர்த்தல்.

4. அவற்றை மேகத்தில் ஏற்றி, அங்கே ஒரு முறை திறந்து பார்த்தல்.

5. கடைசியாகப் பேக்கப் ஆன தேதியையும், மேகத்தில் மிஞ்சிய இடத்தையும் கவனித்தல்.

6. இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு, முக்கியமான ஐந்தாறு ஆவணங்கள் கைப்பேசியில் திறக்கின்றனவா என்று சோதித்தல்.

ஆறாவதாகச் சொன்ன சோதனை இவை அனைத்திலும் சிறந்தது. தொடர்பை நிறுத்தியபின் திறக்கும் ஆவணமே உண்மையில் நம் கையில் உள்ளது. மற்றவை கிடங்கில் உள்ளவை. இவ்வேலைகள் அனைத்திற்கும் மாதத்தில் அரைமணி நேரம் போதும். குத்தகைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் மாதக் கடைசியில் பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில், அன்றே இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமாதலால், இவ்வாண்டின் முதற் சோதனையை செப்டம்பர் மாதத்திற்குள் முடித்துக்கொள்ளும்படி நிலச்சுவான்தார்களையும் கிராம அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.